148-ம் 132-ம்

திருப்பூரில் அவிநாசி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் ஒரு பேக்கரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நாங்கள் ஐந்து பேர் அங்கே கூடுவோம். ஆளுக்கொரு டீ, நடுவில் ஒரு தட்டில் தேங்காய் பன், அப்புறம் புதிர்கள். ஆறு வருடமாக நடக்கிறது. ஒருவர் சாயப்பட்டறைக்காரர், எல்லோருக்கும் அவர் டையிங் அண்ணன். ஒருவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ஒருவர் வங்கியில் இருக்கிறார். நாலாவது ஆள் பொறியியல் படிக்கிற பையன், அவனைத் தம்பி என்போம். ஐந்தாவது நான். பனியன் கம்பெனியில் இருபது வருடமாகத் தரம் பார்க்கிற வேலை.

போன தை மாதம் தம்பி பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு அறிவுத்திறன் புதிர்ப் புத்தகம் வாங்கி வந்தான். எல்லாப் புதிரையும் நேரம் வைத்துப் போட்டுப் பார்த்து, கடைசிப் பக்கத்து அட்டவணையில் தேடினால் அவனுக்கு ஐக்யூ 148. வங்கி அண்ணனுக்குப் பல வருடத்துக்கு முன்னால் வேறொரு தேர்வில் 132 வந்திருந்தது. மூன்று ஞாயிறு இதே பேச்சாகப் போனது. தம்பி பெருமையாக ஒன்றும் பேசவில்லை. ஆனால் விடை சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. எந்தப் புதிர் என்றாலும் முதலில் வாய் திறக்கிற வங்கி அண்ணன் அந்த மூன்று வாரமும் தம்பி சொல்லி முடிக்கும்வரை பேசவில்லை. பதினாறு புள்ளி ஒரு மனிதரை எப்படி மாற்றிவிடுகிறது என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நாலாவது ஞாயிறு வாத்தியார் ஒரு கேள்விதான் கேட்டார். “ரெண்டு பேருமே எந்த ஸ்கேலுங்க?”

தம்பி புத்தகத்தைப் புரட்டினான். காட்டெல் ஸ்கேல் என்று சிறிய எழுத்தில் இருந்தது. வங்கி அண்ணன் எழுதியது பழைய ஸ்டான்ஃபோர்டு-பினே கணக்கு. வாத்தியார் டீ பில்லைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தார். எந்த ஸ்கேலாக இருந்தாலும் சராசரி 100. ஆனால் சராசரியிலிருந்து ஒரு படி ஏறினால் எத்தனை புள்ளி என்பது ஸ்கேலுக்கு ஸ்கேல் மாறும். பள்ளிப் புத்தகத்தில் திட்டவிலக்கம் என்று படித்திருப்போமே, அதுதான் அந்தப் படி. காட்டெலில் ஒரு படி 24. பழைய ஸ்டான்ஃபோர்டு-பினேயில் 16. இன்றைக்குப் பரவலாக இருக்கிற வெக்ஸ்லர் தேர்வில் 15. தம்பி இரண்டு படி ஏறியிருக்கிறான், நூறும் நாற்பத்தெட்டும் 148. வங்கி அண்ணனும் அதே இரண்டு படிதான், நூறும் முப்பத்திரண்டும் 132. வெக்ஸ்லரில் இருவருக்குமே 130.

“ஒருத்தர் இன்ச் டேப்புல அளந்திருக்கறீங்க, ஒருத்தர் சென்டிமீட்டர்ல. நீளம் ஒண்ணேதானுங்க” என்று பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தம்பிக்கு முகம் சுருங்கியது. வங்கி அண்ணன் அவன் பக்கம் தட்டை நகர்த்தி, “சாப்பிடு தம்பி” என்றார்.

ஐக்யூ பற்றிப் பேசுகிற முக்கால்வாசிப் பேருக்கு, நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன், அந்த எண் எதைக் குறிக்கிறது என்றே தெரியாது. கிலோ, லிட்டர் மாதிரி உள்ளே இருக்கிற ஒரு சரக்கின் அளவு என்று நினைக்கிறோம். 140 உள்ளவருக்கு 70 உள்ளவரைப் போல இரண்டு மடங்கு அறிவு என்று நினைக்கிறோம். அது வரிசையில் நிற்கிற இடத்தைச் சொல்கிற எண். உங்கள் வயதுக்காரர்கள் பல பேருக்கு அதே தேர்வைக் கொடுத்து, நடுவில் நிற்பவருக்கு 100 என்று வைத்துவிடுகிறார்கள். வெக்ஸ்லர் கணக்கில் நூறு பேரில் சுமார் 68 பேர் 85-க்கும் 115-க்கும் நடுவில் வந்துவிடுவார்கள். 130-க்கு மேலே போகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர். 1946-ல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய மென்சா என்ற சங்கம் அந்த இரண்டு பேரைத்தான் சேர்த்துக்கொள்கிறது.

தமிழில் இதை நுண்ணறிவு ஈவு என்கிறோம். ஈவு என்றால் வகுத்து வருவது. ஆரம்பத்தில் உண்மையிலேயே வகுத்தார்கள். பத்து வயதுப் பிள்ளை எட்டு வயதுப் பிள்ளை செய்கிற அளவுக்குத்தான் செய்கிறது என்றால் எட்டைப் பத்தால் வகுத்து நூறால் பெருக்கி 80. வகுக்கும் யோசனை 1912-ல் ஜெர்மனியின் வில்லியம் ஸ்டெர்ன் சொன்னது. நூறால் பெருக்கி ஊரெங்கும் பரப்பியது 1916-ல் ஸ்டான்ஃபோர்டின் லூயிஸ் டெர்மன். பெரியவர்களுக்கு இந்த வகுத்தல் ஒத்துவராது. நாற்பது வயதுக்காரரின் மனவயது நாற்பத்தெட்டு என்றால் அதற்கு என்ன பொருள்? அதனால் 1939-ல் டேவிட் வெக்ஸ்லர் வகுத்தலை விட்டுவிட்டு வரிசைக் கணக்குக்கு வந்தார். வகுத்தல் போய் இத்தனை வருடமாகிறது, பெயரில் மட்டும் ஈவு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ராமானுஜத்தின் ஐக்யூ 185, ஐன்ஸ்டைனுக்கு 160 என்றெல்லாம் படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. ராமானுஜன் 1887-ல் ஈரோட்டில் பிறந்தவர், அதனால் எங்கள் பக்கம் அந்தப் படத்துக்கு மவுசு கூடுதல். அவர் அப்படி ஒரு தேர்வு எழுதியதாக எந்தப் பதிவும் கிடையாது. அவர் எழுதிய தேர்வு என்று நமக்குத் தெரிந்தது அந்தக் காலத்துக் கல்லூரித் தேர்வான எஃப்.ஏ. பரீட்சை, அதில் கணக்கைத் தவிர மற்றதில் தோற்றார். அந்த மனிதரின் நோட்டுப் புத்தகங்கள் இருக்கும்போது, யாரோ ஒட்டவைத்த எண்ணை அவர் நெற்றியில் எழுதுவது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

சரி, என் வேலைக்கு வருகிறேன். நான் அளந்து பிழைக்கிறவன். துணி ரோல் வந்தால் ஜிஎஸ்எம் கட்டரை வைத்து ஒரு திருகு திருகுவோம். நூறு சதுர சென்டிமீட்டர் வட்டம் ஒன்று கழன்று விழும். தராசில் 1.80 கிராம் என்றால் அந்தத் துணி 180 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 180 கிராம். அதே ரோலின் ஓரத்தில் வெட்டினால் 1.77 காட்டும், நடுவில் 1.82 காட்டும். மழைநாளில் பருத்தி ஈரம் குடித்து எடை ஏறும். காம்பாக்டிங் மெஷினிலிருந்து இறங்கிய சூட்டில் ஒரு கணக்கு, ஒரு நாள் விரித்துப் போட்டு ஆற வைத்தால் வேறு கணக்கு. அதனால்தான் பையர் அனுப்புகிற அளவுத் தாளில் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் டாலரன்ஸ் இருக்கும். மார்பு 52 சென்டிமீட்டர், பிளஸ் ஆர் மைனஸ் 1. டாலரன்ஸ் போடாத தாளை நாங்கள் கையில் வாங்க மாட்டோம், திருப்பி அனுப்பிவிடுவோம்.

ஐக்யூவுக்கும் டாலரன்ஸ் உண்டு. நல்ல தேர்வு, பழகிய உளவியலாளர், தூங்கி எழுந்த பிள்ளை, எல்லாம் சரியாக அமைந்தாலும் கூடக்குறைய ஐந்து புள்ளி என்று வைத்துக்கொள்ள வேண்டும். நல்ல அறிக்கையில் அந்த வீச்சையும் சேர்த்தே எழுதியிருப்பார்கள். 127 வந்தவரும் 131 வந்தவரும் சண்டை போட ஒன்றுமில்லை. ஒரே மாதிரிப் புதிரைத் திரும்பத் திரும்பப் போட்டால் எண் ஏறும் என்பதும் எங்கள் ஐந்து பேருக்கும் அனுபவத்தில் தெரியும். ஆறு வருடமாகக் கட்டப் புதிர் போடுகிற நாங்கள் இப்போது கட்டப் புதிர்களாலேயே ஆன ரேவன் தேர்வு எழுதினால் அதில் வருகிற எண் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்துத்தான் அளக்கும்.

நான் இந்தக் கூட்டத்துக்கு வந்ததற்குக் காரணம் புதிர் ஆசை மட்டும் இல்லை. என் அக்கா மகன்.

அவன் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, ஏழு வயது, பள்ளிக்கூடத்தில் பையன் ஸ்லோவாக இருக்கிறான், டெஸ்ட் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார்கள். அவர்களே ஒரு இடமும் சொன்னார்கள். அக்கா கூட்டிக்கொண்டு போனாள். முக்கால் மணி நேரம். கேள்விகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். வெளியாள் ஒருவர் வீட்டுக்கு வந்தாலே தூணுக்குப் பின்னால் போய் நிற்கிற பையன், பாதிக்கு வாயே திறக்கவில்லையாம். ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு பக்கத் தாள் கொடுத்தார்கள். அதில் 74 என்று இருந்தது. வீச்சு இல்லை, பிரிவு இல்லை, எந்த மொழியில் கேட்டோம் என்ற வரி இல்லை. அடுத்த வருடம் வேறு பள்ளி பாருங்கள் என்று வாயால் சொன்னார்கள்.

அந்தத் தாள் வீட்டுக்குள் வந்ததும் என்ன ஆனது என்று ஒன்றை மட்டும் சொல்கிறேன். அதுவரைக்கும் அக்கா அவனைத் தெருமுனைக் கடைக்கு அனுப்புவாள். ஐம்பது ரூபாயைக் கையில் கொடுத்து, கடலைப்பருப்பு கால் கிலோ, ரெண்டு முட்டை, ஒரு சோப்பு என்று ஒரு தரம் சொல்வாள். அவன் திரும்பிக்கூடக் கேட்க மாட்டான். போய் மூன்றையும் வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணி மேசையில் வைப்பான். தாள் வந்த பிறகு அக்கா ஒரு சீட்டில் எழுதி அவன் சட்டைப்பையில் வைத்து அனுப்ப ஆரம்பித்தாள். பயத்தில் செய்ததுதான், மறந்துவிடுவானோ என்று. அவனுக்கு வாசிப்பதுதான் சிரமம், அப்போது எங்கள் யாருக்கும் அது தெரியாது. அவன் அந்தச் சீட்டைப் பார்க்காமலே கடைக்காரரிடம் நீட்டுவான். சில்லறை எண்ணுவதையும் விட்டுவிட்டான். கடைக்காரர் கொடுத்ததை அப்படியே பையில் போட்டுக்கொண்டு வந்தான்.

இந்தத் தேர்வு எங்கே பிறந்தது என்று அப்போதுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 1904-ல் பிரான்சின் கல்வித்துறை பாரிசில் ஒரு குழு போட்டது. வழக்கமான வகுப்பில் தடுமாறுகிற பிள்ளைகள் யார், அவர்களுக்கு என்ன கூடுதல் உதவி வேண்டும் என்று பார்க்க. ஆசிரியர்களின் அபிப்பிராயத்தை மட்டும் நம்பினால் குறும்புக்காரனையும் மந்தம் என்று எழுதிவிடுவார்கள் என்ற பயம் இருந்தது. அந்தக் குழுவில் இருந்த ஆல்ஃபிரட் பினே, தியோடோர் சீமோனோடு சேர்ந்து 1905-ல் முப்பது வேலைகள் கொண்ட ஒரு அளவுகோலைச் செய்தார். எளிதிலிருந்து கடினம்வரை. பிள்ளையின் அறிவு பிறவியிலேயே முடிவான அளவு, கூட்டவே முடியாது என்று சொன்னவர்களை அவர் 1909-ல் எழுதிய நூலில் கடுமையாக எதிர்த்தார். அது கொடூரமான அவநம்பிக்கை, அதை எதிர்த்தாக வேண்டும் என்கிறார். பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கவனத்தையும் நினைவையும் பழக்குகிற பயிற்சிகளையும் உண்டாக்கினார். 1911-ல் இறந்துபோனார்.

அவர் போனதும் அளவுகோல் மட்டும் கடல் தாண்டிப் போனது, நோக்கம் பாரிசிலேயே தங்கிவிட்டது. அமெரிக்காவில் எல்லிஸ் தீவில் கப்பலை விட்டு இறங்கியவர்களை மொழிபெயர்ப்பாளர் வைத்துச் சோதித்து, பெரும்பாலோரைப் புத்தி குறைந்தவர்கள் என்று எழுதினார்கள். முதல் உலகப் போரில் ஏறக்குறைய 17 லட்சம் படைவீரர்களை ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு தேர்வுகளால் தரம் பிரித்தார்கள். 1927-ல் மனவயது ஒன்பது என்று எழுதப்பட்ட கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்வது செல்லும் என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பு எழுதியது. எந்தப் பிள்ளைக்கு உதவி வேண்டும் என்று கேட்கச் செய்த கருவியால், யார் பிள்ளை பெறலாம் என்று தீர்மானித்தார்கள். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அக்கா வீட்டு அலமாரியில் கிடந்த அந்தத் தாள்தான் கண்முன் வந்துகொண்டிருந்தது.

பையனுக்கு ஒன்பது வயதானபோது கோயம்புத்தூரில் ஒரு உளவியலாளரிடம் போனோம். இரண்டு காலை நேரங்கள் எடுத்துக்கொண்டார். முதல் அரைமணி நேரம் கேள்வியே இல்லை, வீட்டு ஆட்டுக்குட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எல்லாமே தமிழில், அதுவும் நம் பேச்சில். நாக்பூரில் மாலின் என்பவர் வெக்ஸ்லரின் சிறுவர் தேர்வை இந்தியப் பிள்ளைகளுக்காக மாற்றியமைத்தது ஒன்று உண்டு, அதைத்தான் கொடுத்தார். அதில் சொல்லால் விடை சொல்கிற பகுதி தனி, கையால் செய்து காட்டுகிற பகுதி தனி.

நான் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மேசையில் சிவப்பு வெள்ளைக் கட்டைகள். சில பக்கம் முழுச் சிவப்பு, சில பக்கம் முழு வெள்ளை, சில பக்கம் மூலைக்கு மூலை பாதிப் பாதி. அட்டையில் உள்ள வடிவத்தைக் கட்டைகளால் அமைக்க வேண்டும், பக்கத்தில் கடிகாரம் ஓடும். மூன்று கட்டையை வைத்துவிட்டான். நாலாவதைக் கையில் வைத்து ஒரு தரம் உருட்டினான். கீழே வைக்கவில்லை. தலையைச் சாய்த்து அட்டையைப் பார்த்தான், அப்புறம் வைத்திருந்த முதல் கட்டையை எடுத்துத் திருப்பி வைத்தான். இப்போது நாலாவது பொருந்தியது. தப்பு கையில் இருக்கிற கட்டையில் இல்லை, முதலில் வைத்ததில்தான் என்று அவனே கண்டுபிடித்தான். எங்கள் கம்பெனியில் பட்டன் வரிசை கோணினால் கடைசிப் பட்டனைப் பிடித்து இழுக்கிறவர்கள்தான் அதிகம்.

சொல் பகுதியில் 83. செய்கைப் பகுதியில் 101. சேர்த்தால் 92. “மொத்த எண்ணைப் பாக்காதீங்க, இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளியப் பாருங்க” என்றார் அந்த உளவியலாளர் அம்மா. வாசிப்பைத் தனியாகச் சோதித்துவிட்டு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பில் வருகிற தடுமாற்றம் என்றார். ஆறு பக்க அறிக்கை. அதில் நாலு பக்கம் என்ன செய்ய வேண்டும் என்பதுதான். எழுத்தை ஒலியோடு சேர்த்துப் பழக்குவது, பாடத்தைக் காதால் கேட்க வைப்பது, எழுத நேரம் கூட்டித் தருவது.

இந்தக் கதையைப் பேக்கரியில் சொன்னபோது தம்பி கேட்டது நியாயமான கேள்வி. “டாலரன்ஸ் அஞ்சுன்னீங்க. எழுபத்துநாலுக்கும் தொண்ணூத்திரெண்டுக்கும் பதினெட்டு வருதுங்களே அண்ணா?” டாலரன்ஸ் என்பது துணி காய்ந்திருந்தால் பொருந்துகிற கணக்கு. முதல் தேர்வில் அவனுடைய ஆங்கிலம், கூச்சம், புது ஆள் பயம் எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டுவிட்டார்கள். ஈரத்துணியைத் தராசில் வைத்தால் தராசு பொய் சொல்லாது. எடைதான் துணியுடையது மட்டுமாக இருக்காது.

டையிங் அண்ணன் இதற்கெல்லாம் ஒரே பதில் வைத்திருந்தார். “இதெல்லாம் ஏமாத்து வேலைங்க. மனுசனுக்கு எதுக்கு மார்க்கு?” அவர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் பையனைக் காப்பாற்றியதும் ஒரு தேர்வுதான். அதோடு இந்த எண்ணுக்கும் பள்ளி மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்டது. தொடர்பு எண் சுமார் 0.5, முழுத் தொடர்பு என்றால் 1. வாத்தியார் அதை இருமடி ஆக்கிக் காட்டினார். 0.25. பிள்ளைகளுக்கு நடுவே மதிப்பெண்ணில் இருக்கிற வேறுபாட்டில் நாலில் ஒரு பங்கோடு இந்த எண் ஒத்துப்போகிறது, மீதி முக்கால் பங்கு வேறு எதெதிலோ இருக்கிறது. உளவியலில் இத்தனை உறுதியாக நிற்கிற அளவு வேறு அதிகம் இல்லை. அதைக் குப்பை என்று தூக்கிப் போடுவதும் தப்பு, தலையெழுத்து என்று சட்டம் போட்டு மாட்டுவதும் தப்பு. அந்த நாலில் ஒரு பங்கை வைத்து எந்தப் பிள்ளைக்கு என்ன செய்யலாம் என்பதுதான் எனக்கு வேண்டிய விஷயம்.

டையிங் அண்ணனை மடக்கியது கரும்பு. அவருடைய அப்பாவுக்குக் கோபிப் பக்கம் கரும்புக் காடு. கரும்பு வைத்தவர்களுக்குத் தெரியும், ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வரும்வரை உயிர் கையில் இருக்காது. ஒரு காட்டுக்கு இந்த வாரம் வரும், அடுத்த காட்டுக்கு இரண்டு மாதம் தள்ளி வரும். வெட்டு முடிந்து பணம் வந்தால்தான் நகையைத் திருப்ப முடியும்.

2013-ல் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், இன்னும் இருவர் செய்தது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் 54 ஊர்களில் 464 கரும்பு விவசாயிகள். அதே ஆளை அறுவடைக்கு முன்னால் கையில் காசில்லாதபோது ஒரு தரம், பின்னால் காசு வந்தபோது ஒரு தரம் சோதித்தார்கள். ரேவன் தேர்வின் கட்டப் புதிர்களில் பத்தைக் கொடுத்தார்கள். நாங்கள் ஞாயிறுதோறும் போடுகிற அதே வகை. ஒரு கட்டம் காலியாக இருக்கும், எந்த வடிவம் பொருந்தும் என்று சொல்ல வேண்டும். ஜான் ரேவன் 1938-ல் வெளியிட்டது. எழுத்தே இல்லாததால் படிக்காதவருக்கும் கொடுக்கலாம். அறுவடைக்கு முன்னால் சராசரியாக 4.35 சரி. பின்னால் 5.45.

தம்பி உடனே பாய்ந்தான். “ரெண்டாவது தரம் போட்டா யாருக்கும் கூடத்தானே வருமுங்க?” புதிர் போடுகிறவனுக்குத்தான் இந்தச் சந்தேகம் உடனே வரும். ஆய்வாளர்களுக்கும் வந்திருக்கிறது. ஒரு பகுதி விவசாயிகளை ஒதுக்கி வைத்து, அறுவடைக்குப் பின்னால்தான் முதல் தரமாகச் சோதித்தார்கள். அவர்களும் நன்றாகவே செய்தார்கள். ஆலை வெட்டு உத்தரவை முன்னும் பின்னுமாகக் கொடுப்பதால் ஒரே மாதத்தில் ஒரு ஊரில் காசு வந்தவரும் இருப்பார், வராதவரும் இருப்பார், அதனால் பருவம் மாறியதுதான் காரணம் என்றும் சொல்ல முடியாது.

டையிங் அண்ணன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார். “எங்கப்பா வெட்டு உத்தரவு வரலீன்னா சோத்துல கைய வெச்சுட்டு அப்பிடியே உக்காந்திருப்பாருங்க. கூப்புட்டாக் காது கேக்காது. அந்த நேரத்துல நாங்க அவர முட்டாள்னு பேசியிருக்கறமுங்க.” அவருடைய கண் கலங்கியிருந்தது. வங்கி அண்ணன் கடன் மேசையில் உட்காருகிறவர். காலக்கெடு வாசித்துக் காட்டியும் தலையாட்டிவிட்டு மறந்துவிடுகிற விவசாயிகளைத் தாமும் அப்படித்தான் நினைத்ததாகச் சொன்னார். அந்த ஞாயிறு நாங்கள் புதிர் எதுவும் போடவில்லை.

இன்னொரு பெரிய விஷயம் ஃப்ளின் கண்டது. நியூசிலாந்தில் இருந்த ஜேம்ஸ் ஃப்ளின் 1987-ல் பதினாலு நாடுகளின் பழைய தேர்வுகளை வைத்துப் பார்த்தார். தலைமுறைக்குத் தலைமுறை எண் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. அமெரிக்காவில் பத்து வருடத்துக்கு மூன்று புள்ளி அளவுக்கு. ஏறுவதால்தான் தேர்வு நடத்துகிறவர்கள் அவ்வப்போது 100 என்பதை மறுபடி புதுச் சராசரிக்குப் பொருத்துகிறார்கள். அப்படியானால் நூறு வருடத்துக்கு முன்னால் இருந்தவர்களை இன்றைய அட்டவணையில் வைத்தால் சராசரி ஆளுக்கே 70 பக்கம்தான் வரும். நம் பாட்டன் பூட்டன் எல்லாம் புத்தி குறைந்தவர்களா? நிச்சயமாக இல்லை என்கிறார் ஃப்ளின். பள்ளிக்கூடம் பரவியதும் நாம் உலகத்தை வகை வகையாகப் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டோம், தேர்வு கேட்பது அந்தப் பழக்கத்தைத்தான் என்பது அவர் விளக்கம். சோவியத் உளவியலாளர் லூரியா 1930-களின் தொடக்கத்தில் உஸ்பெகிஸ்தான் உழவர்களிடம் சுத்தி, ரம்பம், கோடாலி, மரக்கட்டை நாலையும் காட்டி எது சேராதது என்று கேட்டிருக்கிறார். மரக்கட்டையைத் தள்ளுவார்கள் என்று பார்த்தால், மரம் இல்லாமல் ரம்பத்தை வைத்து என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு அம்மாவைப் பெற்ற அம்மிச்சி ஞாபகம்தான் வந்தது. காங்கயத்துக்குக் கிழக்கே அவர்களுக்குக் கொரங்காடு, வேலி போட்ட மேய்ச்சல் காடு உண்டு. கொழுக்கட்டைப் புல், ஊடே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. ஆடிக்கு ஊருக்குப் போயிருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். “அம்மிச்சி, வெள்ளாட்டுக்கும் கிளுவைக்கும் என்ன ஒத்துமை?” ஐக்யூ தேர்வில் கேட்கிற மாதிரிக் கேள்வி, இரண்டுமே உயிருள்ளவை என்றால் முழு மதிப்பெண். அம்மிச்சி வெற்றிலையை மடித்தபடி, “கிளுவ கெட்டியா இருந்தா வெள்ளாடு அக்கட்டால போகாது. சந்து உட்டா பக்கத்துக் காட்டுக்காரன் சண்டைக்கு வருவான்” என்றார்கள். ரெண்டுக்கும் உயிர் இருக்குதல்ல என்று நான் எடுத்துக் கொடுத்தேன். “அது தெரிஞ்சதுதானப்பா, அதையா கேட்ட?” என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். தேர்வு விதிப்படி அவர்களுக்குப் பூஜ்ஜியம் போட வேண்டியிருக்கும். அந்த வேலியில் எந்த இடத்தில் எந்த வருடம் கிளுவை பட்டுப்போனது, எப்போது புதுக் கொம்பு நட்டார்கள் என்று அவர்களுக்கு மனப்பாடம். நான் அந்த வேலியைப் பார்த்தால் எல்லாம் ஒரே பச்சை.

அக்கா மகனுக்கு இப்போது பதினைந்து வயது. பத்தாம் வகுப்பு. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்கு நம் மாநிலப் பொதுத்தேர்வில் சலுகை உண்டு. சொல்வதை எழுதுகிற ஆள், ஒரு மணி நேரம் கூடுதல். அதற்கு விண்ணப்பிக்கப் பழைய அறிக்கைகள் எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொன்னேன். போன வாரம் மேசையில் பரப்பி அடுக்கிக்கொண்டிருந்தோம். அந்த ஒற்றைப் பக்கத் தாள் அவன் கையில் சிக்கிவிட்டது. அக்கா சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

எழுத்துக் கூட்டி வாசித்தான். அவசரப்படுத்தாமல் இருந்தேன்.

“மாமா, இந்த எழுபத்துநாலு என்னோடதுங்களா?”

“அன்னைக்கு வந்த நம்பர். இங்க பாரு, இது ரெண்டு வருசம் கழிச்சு வந்தது, தொண்ணூத்திரெண்டு. அதுவும் பிளஸ் ஆர் மைனஸ் போட்டுத்தான் பாக்கோணும்.”

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். “அப்ப எதுக்குங்க மாமா அளந்தாங்க?”

“உனக்கு ஒரு மணி நேரம் கூட வேணுமான்னு பாக்கறதுக்கு.”

“வேணுமுங்க” என்றான். ஆறு பக்க அறிக்கையை விண்ணப்பத்துக்குக் கீழே வைத்து மூலையைச் சரிபார்த்துப் பின் அடித்தான். அப்புறம் ஜெராக்ஸுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டு, அக்காவிடம் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு சைக்கிளை எடுத்தான்.